ஆத்துல போட்டாலும் அளந்து போடு

லப்பைக்குடிக்காடு இளைஞர் கூட்டத்தில், நமது தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் பேசிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்களுக்காக முழுமையாகப் பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். ஹோட்டல் நடத்துறவங்க, ஹோட்டல்ல வேலை பார்க்கிறவங்க, ஹோட்டல்ல சாப்பிடுறவங்க எல்லாரும் கடைசி வரை படிங்க.

 



"ஆத்துல போட்டாலும் அளந்து போடு"ன்னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்க. வீணாப் போறதுக்குக்கூட கணக்கு இருக்கணும்னு அர்த்தம். வெள்ளாத்துக் கரையில இருக்கிற ஊர்ல நின்னு இந்தப் பழமொழியைச் சொன்னா, அதுக்கு நேரடியாவே ஒரு அர்த்தம் வந்துடுது. ஏன்னா நாம ஆத்துல போட்டுக்கிட்டுதான் இருக்கோம். எவ்வளவுன்னு அளந்ததில்ல.

இன்னைக்கு நான் பேச வந்தது ஹோட்டல் தொழிலைப் பத்தி. ஹோட்டல்னா நம்ம பஸ் ஸ்டாண்டு புரோட்டாக் கடையும் ஹோட்டல்தான், பிரியாணிக் கடையும் ஹோட்டல்தான், சென்னையில இருக்கிற அஞ்சு நட்சத்திர மாளிகையும் ஹோட்டல்தான். இந்த எல்லா ஹோட்டலும் தண்ணி எடுக்குது, கேஸ் எரிக்குது, கரண்ட் இழுக்குது, குப்பை கொட்டுது. அதுல எவ்வளவு எடுக்கிறோம், எவ்வளவு கொட்டுறோம்னு அளந்து, வெளிப்படையாச் சொல்ற பழக்கம் உலகம் முழுக்க வந்துக்கிட்டு இருக்கு. நம்ம ஊருக்கும் இது வரும். வர்றதுக்கு முன்னாடி நாம புரிஞ்சு வெச்சுக்கணும். இல்லன்னா பெரிய ஹோட்டல் விருது வாங்கும், சின்னக் கடை அபராதம் கட்டும். என் கவலை அதுதான்.

தமிழ்ல 'அளக்கிறது'க்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. ஒண்ணு, படியில அளக்கிறது. இன்னொண்ணு, "சும்மா அளந்து விடாதடா"ன்னு சொல்றோமே, அது. சுற்றுச்சூழல் விஷயத்துல ஹோட்டல் தொழில் இந்த ரெண்டையும் செஞ்சிருக்கு.

பெரிய ஹோட்டல்ல தங்கினவங்க பார்த்திருப்பீங்க. பாத்ரூம்ல ஒரு அட்டை இருக்கும். "பூமியைக் காப்போம், துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்"னு எழுதியிருக்கும். அமெரிக்காவைச் சேர்ந்த ஜே வெஸ்டர்வெல்ட்ங்கிற சுற்றுச்சூழல் ஆர்வலர் பிஜித் தீவுக்குப் போனப்போ ஒரு விடுதியில இந்த மாதிரி அட்டையைப் பார்த்தார். துண்டு துவைக்கிற செலவு மிச்சமாகுது, பேரு மட்டும் பூமிக்குன்னு அவருக்குப் பட்டது. 1986ல எழுதின கட்டுரையில இதுக்கு 'கிரீன்வாஷிங்'னு பேர் வெச்சார். நாம 'பச்சைப் பூச்சு'ன்னு சொல்லிக்கலாம். இன்னைக்கு உலகமே பயன்படுத்துற அந்த வார்த்தை பிறந்ததே ஒரு ஹோட்டல் துண்டுலதான்.

துண்டை மறுபடி பயன்படுத்துறது தப்பில்ல, நல்லதுதான். எத்தனை லிட்டர் மிச்சமாச்சு, போன வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவுன்னு அந்த அட்டையில இருந்தா அது அளவு. அது இல்லாம பூமி படம் மட்டும் போட்டா அது அளந்து விடுறது.

இதுக்கு நம்ம நாட்டுலயும் இப்போ விதி வந்தாச்சு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபர்ல பச்சைப் பூச்சைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. 'பசுமை', 'இயற்கைக்கு உகந்தது'ன்னு விளம்பரம் பண்ணினா அதுக்கு ஆதாரம் இருக்கணும், அந்த ஆதாரத்தை வாடிக்கையாளர் பார்க்கிற மாதிரி வைக்கணும். சும்மா இலை படம் போட்டா போதாது.

சரி, ஒழுங்கா அளக்கிறவங்க எப்படி அளக்கிறாங்க?

பக்கத்து அரியலூர் மாவட்டத்துல கங்கைகொண்ட சோழபுரம் இருக்கு. அந்தச் சோழர் பேரை வெச்சு சென்னை கிண்டியில 2012ல ஒரு ஹோட்டல் திறந்தாங்க. ஐ.டி.சி. கிராண்ட் சோழா. 600 அறை. 'லீட்'ங்கிற கட்டடத் தரச் சான்றிதழ்ல உச்சமான பிளாட்டினம் தரம் வாங்கினது. காத்தாலை மின்சாரத்தை நம்பி ஓடுறது. பின்னாடி 'ஜீரோ கார்பன்' சான்றிதழும் வாங்கினது.

கேட்கப் பெருமையாத்தான் இருக்கு. ஆனா எந்தக் கணக்குலயும் ஒரு எல்லைக் கோடு உண்டு. அந்த 'ஜீரோ' முக்கியமா கட்டடம் பயன்படுத்துற எரிசக்தியை வெச்சுப் போட்ட கணக்கு. அங்க பரிமாறுற அரிசியும் ஆட்டுக்கறியும் எங்கிருந்து வந்தது, அதை விளைவிக்க என்ன செலவாச்சுங்கிறது அந்தக் கோட்டுக்கு வெளியே நிக்குது. இதை அந்த ஹோட்டல் மேல குறையாச் சொல்லல. சான்றிதழோட விதியே அப்படித்தான். படிக்கிற நாம 'ஜீரோ'ன்னதும் கை தட்டாம, எதுல ஜீரோன்னு கேட்கணும்.

இன்னொரு பக்கம், பங்குச் சந்தையில பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு செபி ஒரு கட்டாயம் போட்டிருக்கு. சந்தை மதிப்புல முதல் 1000 இடத்துல இருக்கிற நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டுல இருந்து வருஷா வருஷம் 'பி.ஆர்.எஸ்.ஆர்.'னு ஒரு அறிக்கை கொடுக்கணும். மின்சாரம் எவ்வளவு, தண்ணி எங்கிருந்து எவ்வளவு எடுத்தீங்க, குப்பை எத்தனை டன், அதுல எவ்வளவு மறுசுழற்சி, கார்பன் எவ்வளவு, எல்லாம் அதுல வரணும். முக்கியமான எண்களை வெளியாள் ஒருத்தர் சரிபார்க்கணுங்கிற ஏற்பாடும் 2023-24ல முதல் 150 நிறுவனங்களோட தொடங்கியிருக்கு. பெரிய ஹோட்டல் கம்பெனிகள் இதுக்குள்ள வருது. இந்த அறிக்கைகள் இணையத்துலயே கிடைக்கும். நேரம் இருக்கிறப்போ ஒண்ணை எடுத்துப் பாருங்க.

ஹோட்டல் தொழிலுக்குன்னே தனி அளவுகோலும் இருக்கு. 2012ல உலகத்தோட பெரிய ஹோட்டல் குழுமங்கள் ஒண்ணு சேர்ந்து, ஹோட்டலுக்கான கார்பன் அளவீட்டு முறை ஒண்ணைக் கொண்டு வந்தாங்க. 2016ல தண்ணிக்கும் ஒண்ணு வந்தது. அடிப்படை எளிமைதான். ஆள் தங்கின ஒரு அறைக்கு, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கார்பன், எத்தனை லிட்டர் தண்ணி? இந்த முறையில ஒரு புத்திசாலித்தனமான விதி இருக்கு. துணி துவைக்கிறதை வெளியே கொடுத்திருந்தாலும் அதையும் கணக்குல சேர்க்கணும். ஏன் தெரியுமா? இல்லன்னா, நம்ம லாட்ஜ் சலவையை நிறுத்திட்டு வெளியே சலவைக்குப் போட்டா ஒரே மாசத்துல நம்ம கணக்குல தண்ணி குறைஞ்ச மாதிரி தெரியும். உண்மையில அதே தண்ணி பக்கத்துத் தெருவுல ஓடும்.

இதெல்லாம் எங்கயோ நடக்கிற கதைன்னு நினைக்காதீங்க. நம்ம ஊர்ல இருந்து துபாய், சவுதி, குவைத், சிங்கப்பூர், மலேசியான்னு போன பிள்ளைகள்ல எத்தனை பேர் ஹோட்டல்ல வேலை பார்க்கிறாங்கன்னு எண்ணிப் பாருங்க. துபாய்ல 2017ல இருந்து ஹோட்டல்கள் மாசா மாசம் கரண்ட், தண்ணி, கேஸ், டீசல், குப்பைன்னு தன்னோட கணக்கை அரசாங்கத்தோட 'கார்பன் கால்குலேட்டர்'ல ஏத்துது. 2021 ஜூலையில இருந்து 19 நிபந்தனைகளை ஒவ்வொரு ஹோட்டலும் நிறைவேத்தணும்னு கட்டாயம் ஆக்கிட்டாங்க. அங்க பராமரிப்புப் பிரிவுல மீட்டர் படிச்சு எழுதுறவரும், சமையல்கட்டுல குப்பையைப் பிரிச்சு எடை போடுறவரும் நம்ம ஆள்தான். அந்த வேலை தெரிஞ்சவன் நம்ம ஊர்லயே இருக்கான். லீவுல வர்றப்போ அவனைக் கூப்பிட்டுக் கேட்டாலே போதும்.

இப்போ ஒரு அறிக்கையையோ விளம்பரத்தையோ எப்படிப் படிக்கணும்னு மூணு கேள்வி சொல்றேன். நம்ம அணித் தோழர்கள் குறிச்சு வெச்சுக்கணும்.

முதல் கேள்வி: ஒண்ணுக்கு எவ்வளவு? ஒரு அறைக்கு, ஒரு இலைக்கு, ஒரு ஆளுக்கு எவ்வளவுன்னு சொல்லியிருக்காங்களா? "10 லட்சம் லிட்டர் சேமித்தோம்"னு சொன்னா எத்தனை லட்சம் லிட்டர்லன்னு கேட்கணும்.

ரெண்டாவது கேள்வி: எதோட ஒப்பிட்டு? எந்த வருஷத்தோட? 2020, 2021ல ஊரடங்கு, அறையெல்லாம் காலி. அந்த வருஷத்தை 'சாதனை'யாக் காட்டினா நம்பக் கூடாது.

மூணாவது கேள்வி: யார் சரிபார்த்தது? தன்னோட பேப்பரைத் தானே திருத்திக்கிட்டா எல்லாரும் நூத்துக்கு நூறுதான்.

இந்த மூணுக்கும் பதில் இல்லாத 'பசுமை ஹோட்டல்' பதிவை யார் அனுப்பினாலும் நம்ம பக்கத்துல பகிராதீங்க. நம்ம கட்சிக்காரர் ஹோட்டலா இருந்தாலும் பகிராதீங்க.

இனிமேதான் முக்கியமான பகுதி. செபி கேட்கிறது பட்டியலிட்ட கம்பெனிகிட்ட. நம்ம ஊர் பிரியாணிக் கடை பங்குச் சந்தையில இல்ல. அப்போ நம்ம கடையை யார் அளக்கிறது? நாமதான். அதுக்கு கன்சல்டன்ட் வேண்டாம், சாஃப்ட்வேர் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு தராசு போதும்.

நான் இன்ஜினியரிங் படிச்சவன், அதனால ஒரு கணக்கு போட்டே காட்டுறேன். ஒரு கடையைக் கற்பனை பண்ணிக்குவோம். ஒரு நாளைக்கு 300 இலை, மாசம் 9,000 இலை. மாசத்துக்கு 20 வணிக சிலிண்டர். ஒரு சிலிண்டர் 19 கிலோ, ஆக 380 கிலோ கேஸ். ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஏறக்குறைய 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். அது 1,140 கிலோ.

கரண்ட் 1,500 யூனிட். மத்திய மின்சார ஆணையத்தோட கணக்குப்படி ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ. அது 1,050 கிலோ. ஜெனரேட்டருக்கு 30 லிட்டர் டீசல், லிட்டருக்கு 2.7 கிலோ வீதம் 81 கிலோ. மொத்தம் 2,271 கிலோ. 9,000 இலையால வகுத்தா ஒரு இலைக்கு 250 கிராம் சொச்சம். அவ்வளவுதான் விஷயம். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடுற கணக்கு.

அடுத்த மாசம் வியாபாரம் குறைஞ்சு 7,000 இலை ஆயிடுச்சு. மொத்தக் கார்பனும் 2,000 கிலோவாக் குறைஞ்சிடுச்சு. மேலோட்டமாப் பார்த்தா "271 கிலோ குறைச்சிட்டோம்"னு போஸ்டர் அடிக்கலாம். ஆனா 2,000 கிலோவை 7,000 இலையால வகுத்தா ஒரு இலைக்கு 286 கிராம் வருது. ஏறியிருக்கு! ஆள் குறைஞ்சும் அடுப்பு அதே மாதிரி எரிஞ்சிருக்கு, ஃப்ரீசர் அதே மாதிரி ஓடியிருக்கு. கடைக்காரர் காசு புகையாப் போயிருக்கு. வகுத்துப் பார்க்கலன்னா இது கண்ணுக்கே தெரியாது.

இதுக்கு மறுபக்கமும் உண்டு. ஒரு இலைக்கான அளவு குறைஞ்சுக்கிட்டே வரும், ஆனா வியாபாரம் மூணு மடங்கு பெருகிடும். அப்போ மொத்தம் ஏறிடும். நிலத்தடி நீருக்கு உன் சராசரி தெரியாது, மொத்தம் எவ்வளவு உறிஞ்சினேங்கிறது மட்டும்தான் தெரியும். அதனால ரெண்டு எண்ணும் வேணும். கடைக்காரர் திறமையைச் சொல்றது இலைக் கணக்கு. ஊருக்கு என்ன ஆகுதுன்னு சொல்றது மொத்தக் கணக்கு.

இன்னும் ஒண்ணு. கேஸையும் கரண்டையும் மட்டும் எண்ணினா ஹோட்டல் கணக்கு முடியாது. உலக அளவுல இதை மூணு வட்டமாப் பிரிக்கிறாங்க. நம்ம அடுப்புலயும் ஜெனரேட்டர்லயும் எரியிறது முதல் வட்டம். வாங்குற மின்சாரம் ரெண்டாவது வட்டம். அரிசி, கறி, எண்ணெய், சலவை, குப்பைன்னு நமக்கு முன்னாடியும் பின்னாடியும் நடக்கிறது மூணாவது வட்டம். நெல்வயல்ல தண்ணி நிக்கிறதால மீத்தேன் வருது, ஆடு மாடு அசை போடுறப்போ மீத்தேன் வருது. சாப்பாட்டுக் கடைக்கு இந்த மூணாவது வட்டம்தான் பெருசு. அதுக்காகப் பிரியாணியை நிறுத்தணும்னு நான் சொன்னா இந்த ஊர் என்னை விடாது! சமைச்ச பிரியாணி குப்பைக்குப் போகக் கூடாதுன்னுதான் சொல்றேன். ஒரு கிலோ பிரியாணி குப்பைக்குப் போனா அதோட அரிசி, கறி, கேஸ், தண்ணி, மாஸ்டரோட உழைப்பு எல்லாம் சேர்ந்து போகுது.

குப்பைக் கணக்கு இப்படித்தான். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தோட 2024 அறிக்கைப்படி, 2022ல உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணாச்சு. அதுல நூத்துக்கு 60 பங்கு வீடுகள்ல, 28 பங்கு ஹோட்டல், கேன்டீன், விருந்து மாதிரி பரிமாறுற இடங்கள்ல, 12 பங்கு கடைகள்ல.

நம்ம கடையில என்ன பண்ணலாம்? மூணு வாளி வைங்க. காய் நறுக்கினது ஒண்ணுல. சமைச்சு விக்காம மிஞ்சினது ஒண்ணுல. இலையில மிச்சம் வெச்சது ஒண்ணுல. ராத்திரி கடை அடைக்கிறப்போ மூணையும் தராசுல வைங்க. பெரம்பலூர் மாவட்டத்துல சின்ன வெங்காயம் எடை போடத் தராசு இல்லாத தெருவா இருக்கு? இலையில மட்டும் ஒரு நாளைக்கு 12 கிலோ மிஞ்சுதுன்னு வைங்க. 300 இலையால வகுத்தா ஒரு இலைக்கு 40 கிராம். ஒரு பிடி சோறு. அதுல 10 கிராம் குறைச்சாலே மாசம் 90 கிலோ உணவு குப்பைக்குப் போகாது. எந்த வாளி கனமா இருக்குன்னு தெரிஞ்சாத்தான் எதைச் சரி பண்ணணும்னு தெரியும். விக்காமப் போனது அதிகம்னா சமைக்கிற அளவைப் பார்க்கணும். இலையில மிச்சம் அதிகம்னா பரிமாறுற அளவைப் பார்க்கணும். பிரிக்காம ஒரே டிரம்ல கொட்டினா எதுவும் தெரியாது, நாத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. 2016ல வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஹோட்டல்களும் உணவகங்களும் கழிவை உருவாகிற இடத்துலயே பிரிக்கணும்னு சொன்னது. ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல குப்பை வந்தா 'பெருமளவு கழிவு உருவாக்குபவர்'னு தனிப் பொறுப்பும் வெச்சது. ஆனா தோழர்களே, எடையே போடாத கடைக்குத் தான் 100 கிலோவுக்கு மேலயா கீழயான்னு எப்படித் தெரியும்? ஒரு கல்யாண மண்டபத்துல ஒரே ராத்திரியில எத்தனை கிலோ வருதுன்னு யார்கிட்டயாவது எழுதின கணக்கு இருக்கா?

எண்ணெய்க்கும் கணக்கு இருக்கு. பொரிச்ச எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினா அதுல கெட்ட சேர்மங்கள் சேரும். அந்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினா அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாதுன்னு 2018 ஜூலையில இருந்து உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதி இருக்கு. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல பொரிக்க எண்ணெய் பயன்படுத்துறவங்க 2019 மார்ச்ல இருந்து அதுக்குப் பதிவேடு வைக்கணும். பழைய எண்ணெயை சேகரிச்சு பயோடீசல் ஆக்குற திட்டமும் இருக்கு. கால்வாயில ஊத்தினா அடைப்பு, சேகரிச்சுக் கொடுத்தா காசு. இதுக்கும் நோட்டுல ஒரு வரி போதும்.

அடுத்தது தண்ணி. 2019 ஜூன் மாசம் சென்னையில என்ன நடந்துச்சுன்னு மறந்திருக்க மாட்டீங்க. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், நாலு ஏரியும் வத்திப் போச்சு. ஹோட்டல்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்துச்சு, நேரத்தைக் குறைச்சுச்சு, சில கடைகள் ஷட்டரையே இழுத்து மூடுச்சு. இலையும் காகிதத் தட்டும் வெச்சு ஓட்டினாங்க. அன்னைக்கு வேலை போனது சர்வருக்கும் பாத்திரம் கழுவுற அக்காவுக்கும்தான். கடை திறக்குமா மூடுமாங்கிறதையே தண்ணிக் கணக்குதான் முடிவு பண்ணுது.

நம்ம வெள்ளாறு வருஷம் முழுக்க ஓடுற ஆறு இல்ல. மழைக்கு ஓடும், மத்த நாள்ல மணல்தான் தெரியும். நாமும் எதிர்க்கரையில திட்டக்குடியும் நம்பி இருக்கிறது இந்த ஆத்துக்கடியில இருக்கிற ஊத்தைத்தான். மீட்டர் இல்லாம எப்படி அளக்கிறது? மாடியில 1,000 லிட்டர் டேங்க் இருக்கில்ல? ஒரு நாளைக்கு எத்தனை தடவை நிரம்புதுன்னு சுவத்துல கோடு போடுங்க. நாலு தடவைன்னா 4,000 லிட்டர். 300 இலைக்கு வகுத்தா ஒரு ஆள் சாப்பிட்டு எழ 13 லிட்டர் சொச்சம். அடுத்த மாசம் அது 15 ஆச்சுன்னா எங்கயோ குழாய் ஒழுகுது, இல்ல யாரோ ஹோஸைத் திறந்து விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு அர்த்தம்.

இப்போ நீங்க மனசுல கேட்கிற கேள்வி எனக்குத் தெரியும். "தம்பி, நல்லாத்தான் இருக்கு. ஆனா எத்தனை இலை போட்டேன்னு நோட்டுல எழுதி வெச்சா நாளைக்கு வரி ஆபீசர் வந்து அதையே எடுத்துக் காட்டுவாரே?"

நியாயமான பயம். இதுக்குப் பதில் சொல்லாம சின்னக் கடைக்காரர்கிட்ட 'அறிக்கை கொடு'ன்னு கேட்கிறவனுக்கு அவர் கஷ்டம் தெரியாது. இலைக்கு எவ்வளவுங்கிறதையும் மொத்தம் எவ்வளவுங்கிறதையும் ஒரே கடை சேர்த்து வெளியிட்டா, ஒண்ணால ஒண்ணை வகுத்து எத்தனை இலைன்னு யாரும் கண்டுபிடிச்சிடலாம். அதனால இப்படிப் பண்ணலாம். ஒவ்வொரு கடையும் இலைக்கு எவ்வளவுங்கிற எண்ணை மட்டும் தன் சுவத்துல எழுதட்டும். மொத்த அளவைக் கடைப் பேரே இல்லாம வணிகர்கள் ஒரே பெட்டியில போடட்டும். எல்லாத்தையும் கூட்டி "லப்பைக்குடிக்காடு ஹோட்டல்கள், இந்த மாதம்: இத்தனை லிட்டர் தண்ணீர், இத்தனை கிலோ குப்பை"ன்னு ஊருக்கு ஒரே எண்ணா வெளியிடலாம். கடைக்காரர் ரகசியம் கடையிலயே இருக்கும். பேரூராட்சிக்குக் குப்பை வண்டி எத்தனை நடை வேணும்னு தெரியும்.

இன்னொரு நியாயமும் பேசணும். 2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாட்டுல 14 வகை ஒருமுறை பயன்படுத்துற பிளாஸ்டிக்குக்குத் தடை. நல்ல தடை, நாம ஆதரிக்கிறோம். ஆனா சோதனைன்னு வந்தா முதல்ல மாட்டுறது பார்சல் கட்டுற சின்னக் கடைதான். பெரிய கம்பெனியோட கணக்கை யாரும் தெருவுல நின்னு கேட்கிறதில்ல, அது பளபள அறிக்கையில 200-வது பக்கத்துல இருக்கு. சின்னவனுக்கு அபராத ரசீது, பெரியவனுக்கு விருது மேடைன்னு இருக்கக் கூடாது. ரெண்டு பேருக்கும் ஒரே அளவுகோல் வேணும்.

அதனால நாம கேட்க வேண்டியது மூணு.

ஒண்ணு, சின்ன ஹோட்டல்களுக்குத் தமிழ்ல ஒரே பக்கப் படிவம். கேஸ், கரண்ட், தண்ணி, குப்பை, எண்ணெய்னு அஞ்சு கட்டம். கட்டணம் கிடையாது. முதல் வருஷம் அபராதமும் கிடையாது. கத்துக் கொடுக்கிற வருஷம்.

ரெண்டு, பெரிய ஹோட்டல்களும் மண்டபங்களும் தன்னோட எண்ணை விலைப்பட்டியல் மாதிரி வாசல்லயே தமிழ்ல எழுதி வைக்கணும். இணையத்துல ஆங்கிலத்துல ஒளிஞ்சு கிடக்கிற அறிக்கை பங்குதாரருக்குப் போதும். பக்கத்துல குடியிருக்கிறவங்களுக்குப் போதாது. அதே நிலத்தடி நீரைத்தான் அவங்களும் குடிக்கிறாங்க.

மூணு, சேகரிக்கிற எண்ணுக்குப் பலன் தெரியணும். தண்ணியைக் குறைச்ச கடைக்கு என்ன சலுகை? குப்பையைப் பிரிச்சுக் கொடுத்தும் அதை ஒரே வண்டியில கலந்து ஏத்தினா யார் பொறுப்பு? எழுதுறவன் எழுதிக்கிட்டே இருக்க, வாங்குறவன் அலமாரியில அடுக்கிக்கிட்டே இருந்தா மூணாவது மாசமே நோட்டு எடைக்குப் போயிடும்.

அடுத்தவங்களைக் கேட்கிறதுக்கு முன்னாடி நாம என்ன பண்ணப் போறோம்?

நம்ம கட்சியும் சாப்பாடு போடுது. கூட்டத்துக்குப் பிரியாணி, செயற்குழுவுக்கு மதியச் சாப்பாடு, வர்ற தொண்டருக்குத் தண்ணி பாட்டில். நிகழ்ச்சி முடிஞ்சதும் பதிவு போடுறோம்: "ஆயிரக்கணக்கானோர் பங்கேற்பு." இனிமே அதுக்குக் கீழ மூணு வரி சேர்ப்போம். எத்தனை பேர் சாப்பிட்டாங்க. எத்தனை கிலோ மிஞ்சுச்சு, அது எங்க போச்சு. எத்தனை தண்ணி பாட்டில் காலியாச்சு, அதுக்குப் பதிலா எத்தனை கேன் வெச்சோம். அந்தந்த ஒன்றிய, பேரூர் பொறுப்பாளர்கள் எண்ணைக் கொடுத்தா அதைப் பட்டியலாப் போடுற வேலையை எங்க அணி பார்த்துக்கும். முதல் கூட்டத்துல எண் மோசமாத்தான் வரும். வரட்டும். அதையும் அப்படியே போடுவோம். எதிர்க்கட்சிக்காரன் கிண்டல் பண்ணுவான். பண்ணட்டும், "உங்க கூட்டத்து எண்ணைக் காட்டு"ன்னு கேட்போம். அவனும் எடை போட ஆரம்பிச்சா லாபம் ஊருக்குத்தான்.

கடைக்காரர் அண்ணன்களுக்கு ஒரு வேண்டுகோள். வர்ற ஒண்ணாம் தேதி நோட்டு போடுங்க. மூணு மாசம் எழுதுங்க. யாருக்கும் காட்ட வேண்டாம். கணக்கு போட வரலன்னா எங்களைக் கூப்பிடுங்க, அணித் தம்பிகள் கடைக்கே வந்து போட்டுக் கொடுப்பாங்க. டீ மட்டும் வாங்கிக் கொடுங்க!

வெளிநாட்டுல ஹோட்டல்ல வேலை பார்க்கிற சொந்தங்களே, இதைப் படிக்கிறீங்கன்னா கமென்ட்ல எழுதுங்க. உங்க ஹோட்டல்ல எதை அளக்கிறாங்க, எப்படி அளக்கிறாங்க, எது உபயோகமா இருந்துச்சு, எது வெறும் பேப்பர் வேலை? கம்பெனிப் பேர் வேண்டாம், முறையை மட்டும் சொல்லுங்க. நீங்க அங்க கத்துக்கிட்டது இங்க ஒரு கடைக்காவது உதவும்.

மழை வந்தா நம்ம தெருவுல கிடக்கிறதெல்லாம் வாய்க்கால் வழியா வெள்ளாத்துக்குத்தான் போகுது. இன்னைக்கு ராத்திரி நம்ம ஊர் ஹோட்டல்கள்ல இருந்து எத்தனை கிலோ கிளம்புதுன்னு கேட்டா, இந்த மேடையில இருக்கிற யார்கிட்டயும் பதில் இல்ல. அடுத்த முறை நாம இதே இடத்துல கூடும்போது அந்தக் கேள்விக்கு ஒரு எண் பதிலா இருக்கணும். அதுக்கு முதல்ல ஒரு தராசும் மூணு வாளியும் வேணும்.



— தகவல் தொழில்நுட்ப அணி

மூணு கேள்வியை மறக்காதீங்க: ஒண்ணுக்கு எவ்வளவு? எதோட ஒப்பிட்டு? யார் சரிபார்த்தது?

உங்க ஊர் ஹோட்டல் உரிமையாளர்கள் குழுவுல பகிருங்க.

#அளந்துபோடு #லப்பைக்குடிக்காடு #வெள்ளாறு